புதுக் கேள்விகளைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள்

எம்பிஏ போன்ற மேலாண்மைப் படிப்பில் சேர எழுதும் ஜிமேட் தேர்வுக்குப் படிப்பவர்கள் பலரிடம் கேட்கும் புலம்பல் இதுதான்: "எவ்வளவோ கேள்வி போட்டுப் பார்த்துவிட்டேன், மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) எழுதினால் ஸ்கோர் மட்டும் ஏறவே மாட்டேன் என்கிறது." அடுத்த மூச்சிலேயே, வேறு எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்பார்கள். எதுவும் வாங்க வேண்டாம். ஏற வேண்டிய ஸ்கோர், நீங்கள் ஏற்கெனவே தப்பாகப் போட்ட கேள்விகளில்தான் இருக்கிறது.

தப்பான கேள்வியைப் பெரும்பாலோர் எப்படிக் கையாள்கிறார்கள்? விளக்கத்தைப் படிக்கிறார்கள், "அட, இவ்வளவுதானா" என்று தலையாட்டுகிறார்கள், நோட்டில் 'கவனக்குறைவு' என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். அந்தக் குறிப்பால் ஒரு பயனும் இல்லை.

கொடுத்த தகவல் விடை சொல்லப் போதுமா என்று கேட்கும் டேட்டா சஃபிஷியன்சி வகையில் இப்படி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ், ஒய்யைவிடப் பெரியதா? கொடுத்திருக்கும் கூற்று: எக்ஸை ஒய்யால் வகுத்தால் 1க்கு மேல் வரும். அவசரத்தில் இருப்பவர் ஒய்யால் இரண்டு பக்கமும் பெருக்கி, "ஆமாம் பெரியது, இந்தக் கூற்றே போதும்" என்று முடித்துவிடுவார். எக்ஸ் −4, ஒய் −2 என்று போட்டுப் பாருங்கள். வகுத்தால் 2 வருகிறது, கூற்று பொருந்துகிறது. ஆனால் −4 சிறியது. அதனால் அந்தக் கூற்று போதாது. இங்கே நோட்டில் எழுத வேண்டியது, "குறி தெரியாத எண்ணால் பெருக்கிவிட்டேன், அடுத்த முறை நெகட்டிவ் எண் போட்டுப் பார்க்க வேண்டும்" என்பதுதான். இப்படி எழுதினால்தான் அதே பொறி வேறு வேஷத்தில் வரும்போது கண்ணில் படும். சில நாள் கழித்து, விளக்கத்தைப் பார்க்காமல் அதே கேள்வியை மறுபடி போடுங்கள். அப்போதும் தடுமாறினால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

படித்துப் புரிந்துகொள்வதையும் வாதங்களை அலசுவதையும் சோதிக்கும் வெர்பல் பகுதியிலும் அதே கதைதான். சரியான விடை ஏன் சரி என்று பார்த்தால் மட்டும் போதாது, தப்பான விடை உங்களை ஏன் இழுத்தது என்று எழுதுங்கள். ஒரு வாதம் சொல்லாமலே எடுத்துக்கொண்டிருக்கும் அனுமானம் எது என்று கேட்டால், நீங்கள் நினைக்கும் விடையை மறுத்துப் பாருங்கள். மறுத்ததும் வாதம் சரிந்தால் அதுதான் விடை.

இன்னொரு விஷயம், பழைய புத்தகங்கள். 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் வாக்கியப் பிழை திருத்தும் சென்டன்ஸ் கரெக்‌ஷன் இல்லை, கணக்குக்கான குவான்ட் பகுதியில் ஜியோமெட்ரியும் இல்லை. இன்னமும் இலக்கண விதிகளை மனப்பாடம் செய்கிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. அந்த நேரத்தை, அட்டவணை, வரைபடம் போன்ற தகவல்களை அலசச் சொல்லும் டேட்டா இன்சைட்ஸ் பகுதிக்குக் கொடுங்கள். மொத்த ஸ்கோரில் குவான்ட், வெர்பல், டேட்டா இன்சைட்ஸ் என்ற மூன்று பகுதிக்கும் சம எடை, ஆனாலும் பலர் இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

சரி, நேரத்துக்கு வருவோம். குவான்ட்டில் 45 நிமிடத்தில் 21 கேள்விகள், ஒன்றுக்கு இரண்டு நிமிடம் சொச்சம். ஒரே கேள்வியோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டினால், பின்னால் வரும் கேள்விகளின் நேரத்தைத்தான் தின்கிறீர்கள். முடிக்காமல் விடும் கேள்விகளுக்கு ஸ்கோர் குறையும். அதனால் வழி தெரியவில்லை என்றால் ஒரு விடையைத் தட்டிவிட்டு, குறித்து வைத்துக்கொண்டு நகருங்கள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நேரம் மிச்சமிருந்தால் மூன்று விடைகள் வரை மாற்றலாம். நன்றாகப் படித்தவர்களுக்குத்தான் இப்படி விடுவது கஷ்டமாக இருக்கிறது. 'எனக்குத் தெரிந்த கணக்காயிற்றே' என்ற பிடிவாதம்தான் காரணம். இந்தப் பழக்கம் தேர்வு அறையில் திடீரென்று வராது, வீட்டிலேயே கடிகாரம் வைத்துப் பழக வேண்டும்.

மாக் டெஸ்ட்டை நாள்தோறும் எழுதாதீர்கள். ஒன்று எழுதினால் அதை அலச இரண்டு நாளாவது ஒதுக்குங்கள். அப்புறம், 205 முதல் 805 வரையுள்ள இன்றைய ஸ்கோரைப் பழைய வடிவத்தின் ஸ்கோரோடு நேராக ஒப்பிட்டு மனம் உடையாதீர்கள். பழைய 700 இருந்த இடத்தில் இப்போது ஏறக்குறைய 645 இருக்கிறது.

தேர்வு எழுதி ஸ்கோர் குறைந்துவிட்டால், 16 நாள் இடைவெளி விட்டு மறுபடி எழுத விதி இடம் தருகிறது. அதற்காக அன்று இரவே பணம் கட்டிவிடாதீர்கள். எந்தப் பகுதியில் சறுக்கியது, அங்கே பாடம் தெரியவில்லையா, நேரம் போதவில்லையா என்று முதலில் பாருங்கள். அதற்கு விடை கிடைத்த பிறகு தேதி குறிக்கலாம்.