போங்காட்டம்

அக்கா மகனுக்கு 14 வயது. ஆன்லைனில் சேர்ந்து ஆடும் நண்பர்கள் போன வாரம் அவனைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். தானாகக் குறி வைத்துக் கொடுக்கும் எய்ம்பாட் என்ற திருட்டு மென்பொருளைப் போட்டு மாட்டிக்கொண்டான். "வெறும் கேம்தானே, இதுக்குப் போய் ஒதுக்கி வைப்பாங்களா?" என்று அக்காவுக்குக் கோபம். எனக்கு அந்தப் பையன்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. அவன் செய்ததை நானும் செய்திருக்கிறேன். என்ன, நான் மாட்டவில்லை.

ஆட்டத்தில் சலுகை தரும் ரகசியக் குறியீடான சீட் கோடு எல்லாமே பாவம் என்று சொல்ல வரவில்லை. கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ 1986-ல் கிராடியஸ் என்ற வீடியோ கேமை நின்டென்டோவின் ஃபேமிகாம் கருவிக்கு மாற்றியபோது, சோதிப்பதற்காக ஆடிப் பார்த்துத் தன்னாலேயே முடிக்க முடியாமல் திணறினார். அதற்காக அவர் வைத்துக்கொண்ட பொத்தான் வரிசைதான் மேலே மேலே கீழே கீழே என்று போகும் கொனாமி கோடு. அதே நிறுவனத்தின் கான்ட்ரா கேமில் அதை அழுத்தினால் 3 உயிர் 30 ஆகும். இதில் யாரை யார் ஏமாற்றினார்கள்? தனியாக உட்கார்ந்து வைஸ் சிட்டி கேமில் கோடு அடித்து டாங்க் இறக்கினால் யாருக்கு என்ன நஷ்டம்?

சமமில்லாமல் ஆடுவதிலும் தப்பில்லை. சின்னவனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொண்டால் அது எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. விளையாட்டே அனுமதிப்பதை நண்பர்கள் தடுப்பதும் உண்டு. 1997-ல் வந்த கோல்டன்ஐ 007 என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் ஆட்ஜாப் என்ற பாத்திரம் குள்ளம். தானாகக் குறி வைக்கும் வசதி அவன் தலைக்கு மேலே சுடும். அதனால் அவனை எடுக்கக்கூடாது என்பது பல கூட்டங்களில் எழுதாத சட்டம். அதே ஆட்டத்தில் திரையை நாலாகப் பிரித்து ஆடும்போது அடுத்தவன் கட்டத்தை எட்டிப் பார்ப்பது போங்கா என்று இன்னும் சண்டை நடக்கிறது. எல்லோரும் பார்க்கலாம், பார்ப்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் போங்கு இல்லை என்பது என் கட்சி. (சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.)

நான் செய்தது வேறு. பள்ளி நாட்களில் நாலு பேர் கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவோம். சுவருக்குப் பின்னால் எதிரி எங்கே நிற்கிறான் என்ற தகவல் பெரும்பாலும் நம் கணினிக்கு முன்பே வந்திருக்கும், விளையாட்டு அதைத் திரையில் காட்டாது, அவ்வளவுதான். வால்ஹேக் என்ற திருட்டு மென்பொருள் காட்டிவிடும். அதை எங்கிருந்தோ பிடித்துப் போட்டுக்கொண்டேன்.

ஜெயித்தது இரண்டு நாள் இனித்தது. மூன்றாம் நாள், எப்போதும் என்னிடம் தோற்கிறவன் கேட்டான்: "எப்படிடா நான் ஒளிஞ்சிருக்கிறதைக் கண்டுபிடிக்கிறே?" வாயில் வந்ததைச் சொன்னேன். "காலடிச் சத்தத்தைக் கேளு." அவன் நம்பினான். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, காலி மேப்பில் தனியாக நடந்து நடந்து பழகினான். அப்படியும் தோற்றான். "எனக்குக் காது சரியில்லை போல" என்று சிரித்தான்.

சரி, புள்ளி போனால் அடுத்த ஆட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தன்னால் முடியாது என்று ஒருவன் நம்ப ஆரம்பித்திருந்தான், அதற்குக் காரணம் நான். ஆன்லைனில் முகம் தெரியாதவனிடம் போங்கடித்தால் அவன் ரிப்போர்ட் போட்டுவிட்டுப் போவான். நண்பன் போட மாட்டான், நம் மேல் சந்தேகமே வராது. அந்த நம்பிக்கை இருந்ததால்தான் என் வால்ஹேக் மூன்று வாரம் ஓடியது.

அப்புறம் அதை அழித்துவிட்டேன். அடுத்த வாரமே அவன் என்னைப் புரட்டி எடுத்தான், காலடிச் சத்தத்தை வைத்தே. "நீ சொல்லிக்கொடுத்ததுதாண்டா" என்றான்.

இதை அக்கா மகனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அவர்கிட்ட அப்புறம் சொல்லிட்டீங்களா மாமா?"

இல்லை. அவன் என் நண்பர் பட்டியலில்தான் இருக்கிறான், என் பதிவுகளைத் தவறாமல் படிப்பான்.