கேம் விளையாடிப் பார்க்கும் வேலைக்குக் கட்டணமா?

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “வெளிவராத வீடியோ கேமை வீட்டிலிருந்தே விளையாடிப் பாருங்கள், மாதச் சம்பளம் உறுதி, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்.” இது பொய். குறுவை நெல் விற்ற பணத்தைப் பிள்ளைக்காகக் கட்ட நினைக்கும் பெற்றோர் தயவுசெய்து பொறுங்கள்.

விளையாடிப் பார்க்கும் சோதனை உண்மையில் உண்டு. ஆனால் அது மாதச் சம்பள உத்தியோகம் அல்ல. 1998-ல் வெளிவந்த ‘ஹாஃப் லைஃப்’ என்ற கேம் உருவானபோது, தன்னார்வலர் ஒருவரை இரண்டு மணி நேரம் ஆடவிட்டு, உருவாக்கியவர்கள் பின்னால் அமர்ந்து வாய் திறக்காமல் குறிப்பெடுத்தார்கள். எங்கே வழி தெரியாமல் தடுமாறுகிறார், எங்கே சலித்துப்போகிறார் என்பதே அவர்களுக்குத் தேவை. 2007-ன் ‘ஹாலோ 3’ கேமைச் சுமார் 600 பேர் 3,000 மணி நேரம் ஆடிப் பார்த்தார்கள். அவர்கள் எந்த இடத்தில் அதிகம் தோற்றார்கள் என்று வரைபடத்தில் குறித்து, களத்தையே திருத்தினார்கள்.

இன்று கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் இணையதளத்தில், வெளிவராத கேமை ஆடிப் பார்க்க உதவும் ‘பிளேடெஸ்ட்’ வசதியில் சேரக் காசு தேவையில்லை. பிழை கண்டறியும் முழுநேரப் பணி வேறு. அதற்கும் சம்பளம் கொடுப்பது நிறுவனம்தான், நாம் கட்டுவதற்கு ஒன்றுமில்லை.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.