கீபோர்டில் ஊதிய எக்காளம்

கிறிஸ்துவின் இரண்டாம் வருகையைப் பற்றி செவ்வாய்க்கிழமை ராத்திரி பந்தல் போட்டு நடந்த கூட்டத்து வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் பகிரப்போவதில்லை, அழுகிற பிள்ளையின் முகம் அதில் தெரிகிறது. பந்தலில் லைட்டை அணைத்து, கீபோர்டில் டிரம்பெட் டோனைப் போட்டு, "இந்த ராத்திரி எக்காளம் ஊதி அம்மா போயிட்டா நீ என்ன செய்வே?" என்று மைக்கை நீட்டினால் எந்தப் பிள்ளைதான் அழாது? கிறிஸ்து வரும்போது எக்காளம் தொனிக்கும், விசுவாசிகள் எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள் என்பது அவர்கள் போதனை. வீடியோவுக்குக் கீழே "எழுப்புதல் அக்கினி" என்று கமெண்ட் வேறு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்து திரும்ப வருவார் என்று நான் விசுவாசிக்கிறேன். ஆராதனையில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் அதை வாயாரச் சொல்லிவிட்டுத்தான் உட்காருகிறேன். ஆகவே "நீ வருகையை மறுதலிக்கிறவன்" என்று இன்பாக்ஸுக்கு வந்த அண்ணன்மார் கொஞ்சம் பொறுக்கவும். என் சண்டை வருகையோடு அல்ல, அதைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களோடு.

அப்போஸ்தலன் பவுல் தெசலோனிக்கே ஊர்ச் சபைக்கு அந்த எக்காளத்தைப் பற்றி எழுதியது எதற்காக? செத்துப்போனவர்களை நினைத்துத் துக்கப்பட்ட சபைக்காக. "இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்" என்றுதான் அந்த அதிகாரமே முடிகிறது. வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷமும் அப்படித்தான். ரோம ராஜ்யத்தின் கீழே கிடந்த சின்ன ஆசியாவின் ஏழு சபைகளுக்கு, தளராமல் நில்லுங்கள் என்று போன புத்தகம் அது. அதிலிருந்து ஒரு வசனத்தை உருவி எட்டு வயசுப் பிள்ளையை மிரட்டுவதற்குப் பெயர் தீர்க்கதரிசன ஊழியமாம்.

"முதலில் விசுவாசிகளை எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகை, பின்பு ஏழு வருஷ உபத்திரவம் என்று பிரசங்கியார் சார்ட் போட்டுக் காட்டினாரே, வேதத்தில்தானே இருக்கிறது?" வசனங்கள் இருக்கின்றன. அந்தச் சார்ட்டின் வரிசை 1830-களில் டார்பி என்ற பிரசங்கியார் கோத்தது. 1909-இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் அதை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தன. அகஸ்டினுக்கும் லூத்தருக்கும் கால்வினுக்கும் அப்படியொரு சார்ட் தெரியாது. அவர்களும் கைவிடப்பட்டவர்கள்தானா? நீங்கள் நம்புங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்பாதவனை, அனலுமில்லாமல் குளிருமில்லாமல் வெதுவெதுப்பாயிருந்த லவோதிக்கேயா சபைக்காரன் என்று ஏசாதீர்கள், அவ்வளவுதான்.

தேதி குறித்தவர்கள் கதையும் தெரிந்ததுதான். அமெரிக்கப் பிரசங்கி மில்லரின் கூட்டத்தார் 1844 அக்டோபர் 22 என்றார்கள். இஸ்ரவேல் பிறந்த 1948-ஓடு ஒரு தலைமுறைக்கு நாற்பது வருஷம் கூட்டி 1988 என்றார்கள். அமெரிக்க வானொலிப் பிரசங்கி கேம்பிங் 2011 மே 21 என்றார். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒருவர் 2025 செப்டம்பர் 23, 24 என்றார். "பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்" என்று ஆண்டவரே சொன்னது இவர்கள் காதில் மட்டும் விழவில்லை. கேம்பிங்காவது பிற்பாடு தப்பை ஒத்துக்கொண்டு கடிதம் எழுதினார். நம்மவர்கள்? பார்கோடுதான் வெளிப்படுத்தலில் வரும் மிருகத்தின் இலக்கமான 666 என்றார்கள், ஆதார் 666 என்றார்கள், தடுப்பூசியும் 666 என்றார்கள். இன்று காணிக்கைப் பெட்டி மேலே க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறது. அதே செவ்வாய்க்கிழமை மேடையில் புது ஹாலுக்கு மூன்று வருஷ மாதத் தவணையும் அறிவித்தார்கள். வருகை இந்த ராத்திரியே என்றால் தவணை எதற்கு ஐயா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறீர்கள். எங்கள் அக்காவுக்கு டீச்சர் டிரெயினிங்கில் சீட் கிடைத்திருந்தது. "வருகை இவ்வளவு சமீபமாயிருக்கும்போது படிப்பு எதுக்கு?" என்றார் வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒரு ஊழியர். அப்பா கேட்டுக்கொண்டார். அக்கா கைப்பிரதிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாய்ப் போனாள். அதே ஊழியர் தன் மகனை இன்ஜினியரிங்கில் சேர்த்தார். அக்கா இன்று ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே சேலை விரித்துக்காட்டுகிறாள். அவள் யாரையும் குறை சொன்னதில்லை. எனக்குத்தான் ஆறவில்லை. ஒழுங்கற்றுத் திரிந்தவர்களைப் பார்த்து, வேலைசெய்து சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடு என்று அதே தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதினதை இந்த ஊழியர்கள் பிரசங்கித்து நான் கேட்டதேயில்லை.

"பயத்தினாலாவது நாலு பேர் மனந்திரும்பட்டுமே!" சரி, அப்படிக் குடியை விட்டவர்களை எனக்கும் தெரியும். அந்தப் பிள்ளை எந்தக் குடியை விட வேண்டும்?

இதில் எங்கள் சபைப் போதகர்களான ஐயர்மாருக்கும் பங்கு இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து நாலு ஞாயிறும் வருகையைப் போதிக்கத்தான் இருக்கின்றன. நாமோ ஸ்டார் கட்டுகிறோம், கேக்குக்குப் பணம் பிரிக்கிறோம். வெளிப்படுத்தலைத் திறக்கவே பயம். பீடத்திலிருந்து யாரும் சொல்லித் தராததால்தான் ஜனம் பந்தலுக்கும் யூடியூபுக்கும் ஓடுகிறது. இந்த வருஷம் ஏழு சபைகளுக்கான நிருபங்களையாவது வேதபாடமாக எடுங்கள் என்று எங்கள் சபையை நடத்தும் சேகரக் கமிட்டிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். வாங்கிப் பார்த்துவிட்டுச் செயலாளர் சொன்னார்: "கேரல் ரவுண்ட்ஸ் இருக்கே தம்பி, ஜனவரியில பாப்போம்."