பூச்சி மருந்து அடிக்கும் முன் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

வியாழக்கிழமை சாயங்காலம். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. பதினொரு மாதக் குழந்தை வாசல் பக்கம் தவழ்ந்துகொண்டிருந்தாள். கிரில் கதவை மட்டும் சாத்தியிருந்தேன். பினாங்கு ஜெலுத்தோங் பிளாட்டில் மரக்கதவையும் சாத்திவிட்டால் காற்று எங்கிருந்து வரும்? திடீரென்று ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். என்ன ஏது என்று எனக்குப் புரிவதற்குள் அம்மா உள்ளேயிருந்து கத்திவிட்டார்: "பிள்ளையத் தூக்குடி!"

முதுகில் பம்பு மாட்டிய ஒரு பையன், செருப்பு அடுக்குக்கு அடியிலும் சுவர் ஓரத்திலும் அடித்துக்கொண்டே போகிறான். சாரல் கிரில் வழியாக உள்ளே வருகிறது. டைல்ஸில் எண்ணெய் தெளித்த மாதிரி பொட்டுப் பொட்டாக ஈரம். குழந்தையின் வலது உள்ளங்கை அதன்மேல்தான் இருந்தது. அடுத்த நொடி அந்தக் கை வாய்க்குப் போயிருக்கும்.

என்ன மருந்து என்று கேட்டேன். "உபாட் பியாசா" என்றான். வழக்கமான மருந்தாம். அவனைத் திட்ட மனம் வரவில்லை. கையுறை இல்லை, முகத்தில் ஒரு துணி மாஸ்க், வயது இருபதுகூட இருக்காது.

குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு தேசிய நச்சு மையத்துக்குப் போன் செய்தேன். நம் பினாங்கில்தான், யுஎஸ்எம் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. அவர்கள் கேட்ட முதல் கேள்வியே, "என்ன பொருள்? பெயர் என்ன?" நியாயமான கேள்வி. எனக்குத்தான் பதில் தெரியவில்லை. என் வீட்டு வாசலில் அடித்த விஷத்தின் பெயர் எனக்குத் தெரியவில்லை!

நிர்வாக அலுவலகத்தைக் கேட்டால், "கரப்பான் தொல்லை என்று நீங்கள்தானே புகார் கொடுத்தீர்கள்?" என்கிறார்கள். கொடுத்தேன். எட்டு மாதமாகக் குப்பைக் குழாயின் மூடி உடைந்து தொங்குகிறது, கீழே குப்பை அறையில் தண்ணீர் தேங்கி நாறுகிறது, அதைச் சரி செய்யுங்கள் என்று கொடுத்தேன். மூடியை மாற்றினார்களா? இல்லை. கரப்பானுக்குச் சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு எங்கள் வாசலில் விஷத்தை அடிக்கிறார்கள். பராமரிப்புக் கட்டணம் ஒரு மாதம் தவறினால் கதவில் நோட்டீஸ் ஒட்டத் தெரிகிறதே, மருந்தடிக்கப் போகிறோம் என்று ஒட்டத் தெரியாதா?

வாட்ஸ்அப் குழுவில் எழுதினால், "அப்போ டிங்கி வந்தா பரவால்லையா?" என்று ஒருவர் கேட்கிறார். டிங்கிக்கு அடிக்கும் புகையே பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் கிடக்கிற புழுவை அது ஒன்றும் செய்யாது. இவர்கள் அடித்தது கரப்பானுக்கு. அதில் டிங்கி எங்கே வந்தது?

இன்னொருவர், "காத்துல போயிடும்ங்க" என்கிறார். எந்தக் காற்றில்? வீட்டுக்குள் அடிக்கிற மருந்துகளில் பெரும்பாலானவை பெர்மெத்ரின், சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகை. வெயில் பட்டால் சில நாளில் சிதைந்துவிடும். வெயிலே படாத வீட்டுக்குள் தூசியோடு தூசியாக வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கிடக்கும். அந்தத் தூசியில் தவழ்வது யார்? நாமா, குழந்தையா? உடம்பு எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றை இழுப்பதும் அதுதான். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பைக் கிளப்பிவிடவும் இது போதும். வீட்டுக்குள் பூச்சிக்கொல்லி அடிப்பதற்கும் குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரிவதாக 2015இல் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. எனக்கே பயமாக இருப்பதால் சொல்கிறேன்.

இவள் பிறந்ததும் நான் முதலில் நிறுத்தியது கொசுவர்த்திச் சுருளைத்தான். சீனாவிலும் மலேசியாவிலும் விற்கும் சுருள்களைச் சோதித்த 2003ஆம் ஆண்டு ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்றது. ஜன்னலுக்கு வலை அடித்தேன். இத்தனையும் செய்துவிட்டு உட்கார்ந்தால், வாசலில் வந்து அடித்துவிட்டுப் போகிறார்கள்.

அம்மா ஏன் அப்படிக் கத்தினார் தெரியுமா? நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் பதினான்கு வருடம் மருந்தடித்தவர். வாயில் ஒரு துண்டு, முதுகில் பம்பு. விரல் நகம் கறுத்து உதிர்ந்தபோதும் அது என்ன மருந்து என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பாராகுவாட் என்ற அந்தக் களைக்கொல்லியின் பெயரே எங்களுக்குப் பிற்பாடுதான் தெரியும். அதற்கு 2002இல் தடை என்றார்கள், 2006இல் தடையைத் தூக்கினார்கள், 2020 ஜனவரி 1இல்தான் ஒரேயடியாகத் தடுத்தார்கள். அம்மாவின் நகம் இன்றைக்கும் கோணலாகத்தான் முளைக்கிறது. அன்றைக்கும் 'மருந்து', இன்றைக்கும் 'மருந்து'. டின்னில் மட்டும் 'ராச்சுன்' என்று அப்பட்டமாக அச்சடித்திருக்கிறது, விஷம் என்று.

மலேசியாவில் பூச்சிக்கொல்லிக்கு 1974இலிருந்து சட்டம் இருக்கிறது. மருந்தடிக்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். டின்னில் நிறப் பட்டை இருக்கிறது: கறுப்பும் சிவப்பும் கொடியவை, பிறகு மஞ்சள், நீலம், வெள்ளை. அந்தப் பட்டையை ஒரு போன் படம் எடுத்துக் குழுவில் போட எவ்வளவு நேரம் ஆகும்? முதல் நாளே சொல்லியிருந்தால் கதவை அடைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போயிருப்பேனே!

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு அம்மாவையும் அழைத்துக்கொண்டு போகிறேன். அன்றைக்கு அடித்த மருந்தின் பெயரை எழுதி வாங்காமல் வரமாட்டோம். குப்பைக் குழாய் மூடி எப்போது மாறும் என்ற தேதியையும்தான்.