வரையாட்டைக் காத்த வேட்டைக்காரர்கள்

மூணாறு போய்வந்த எல்லோரும் ராஜமலையில் வரையாட்டோடு ஒரு படம் எடுத்துப் போட்டிருப்பார்கள். நானும் போட்டிருக்கிறேன். சென்ற டிசம்பரில் வனத்துறை பஸ்ஸை விட்டு இறங்கி மேலே நடந்தபோது, தார்ச்சாலை ஓரத்துப் பாறைத் திட்டில் ஒரு கிழக்கிடா நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் கருமை, முதுகில் மட்டும், சேணம் போட்டதுபோல வெளுத்த ரோமம். கைக்கெட்டும் தூரத்தில் பத்துப் பேர் செல்போனை நீட்டினார்கள். அது தலையைக்கூடத் திருப்பவில்லை.

அந்த வெளுத்த முதுகுக்காகத்தான் ஒரு காலத்தில் அதைச் சுட்டார்கள். வெள்ளைக்காரத் துரைமார் அதற்கு ‘சேடில்பேக்’ (சேண முதுகு) என்று பெயரே வைத்திருந்தார்கள்.

ராஜமலை இருக்கும் இரவிகுளம் தேசியப் பூங்காவின் கதையை நாம் எப்போதும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறோம். 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா, கேரளத்தின் முதல் தேசியப் பூங்கா, 97 சதுர கிலோமீட்டர். அதற்கு நூறாண்டு முன்பே கதை தொடங்கிவிட்டது. 1877இல் பூஞ்சார் அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் இந்த மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். பின்னால் வந்த தேயிலைக் கம்பெனி சரிவுகளை எல்லாம் தேயிலையாக்கியது. ஆனைமுடிச் சிகரத்தை ஒட்டி, 2,000 மீட்டர் உயரத்தில் கிடந்த புல்வெளியை மட்டும் வேட்டைக்கென்று விட்டுவைத்தது. தோட்ட அதிகாரிகளின் வேட்டைச் சங்கம் அதைக் கட்டிக்காத்தது. யார் சுடலாம், எதைச் சுடலாம் என்பதற்கெல்லாம் கட்டுப்பாடு இருந்தது. ஆட்டின் மேல் பாசம் ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டும் சுடுவதற்கு ஆடு வேண்டுமே!

சொல்லக் கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று உலகில் வேறெங்கும் இல்லாத அளவு வரையாடுகள் அங்கே ஒரே இடத்தில் இருப்பதற்கு அந்தத் துப்பாக்கிக்காரர்களும் ஒரு காரணம்.

அவர்களுக்குக் காவல் நின்றவர்கள் முதுவர்கள். மதுரையிலிருந்து மலையேறி வந்தோம் என்று தங்கள் வரலாற்றைச் சொல்லும் மக்கள். எந்தப் பாறையில் எந்த மந்தை மேயும் என்பது துரைக்குத் தெரியாது, முதுவருக்குத் தெரியும். பூங்காவுக்குள்ளேயே இலக்கம்குடி என்று அவர்களுடைய குடி ஒன்று இருக்கிறது. துரைமாரின் பெயர்கள் ஆவணங்களில் இருக்கின்றன. காவல் நின்றவர்களில் ஒருவர் பெயரையாவது நம்மால் சொல்ல முடியுமா?

இனி நடந்ததுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. 1971இல் கேரள அரசு தனிச் சட்டம் போட்டு, கம்பெனி பயிரிடாமல் வைத்திருந்த நிலத்தை எல்லாம் எடுத்துக்கொண்டது. நிலமில்லாத விவசாயிகளுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் கொடுப்பதற்காக என்றார்கள். கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை போயும் 1972இல் தோற்றது. இரவிகுளம் புல்வெளியும் அந்தக் கணக்கில்தான் அரசு கைக்கு வந்தது. கூறுபோட்டிருந்தால் வரையாடு அன்றோடு போயிருக்கும். நல்லவேளையாக, இந்த இடத்தை ஆட்டுக்கு விட்டுவிடுவோம் என்று முடிவானது.

அந்த முடிவு சரி என்றே இன்றும் சொல்வேன். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வரையாட்டுக்குப் போக வேறு மலை கிடையாது. ஆனால் சட்டம் யார் பெயரைச் சொல்லி வந்ததோ, அவர்களுக்கு என்ன கிடைத்தது? தேயிலை பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து போன குடும்பங்களில் பெரும்பாலானவை தலைமுறை தலைமுறையாகக் கம்பெனி லயத்தில்தான், அதாவது கம்பெனி கட்டிய வரிசை வீடுகளில்தான், கிடக்கின்றன. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். புல்வெளியை ஆட்டுக்குக் கொடுத்ததால் இவர்களுக்கு நிலம் இல்லாமல் போனது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எடுத்த நிலம் 97 சதுர கிலோமீட்டர் மட்டுமல்ல.

2020 ஆகஸ்ட் 6 இரவு அதே மலையில் உள்ள பெட்டிமுடித் தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்து 70 பேர் மண்ணுக்குள் போனார்கள். பெரும்பாலானோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், கயத்தாறுப் பக்கத்துச் சொந்தங்கள். அந்த லயங்களுக்குப் போகும் சாலை, வரையாடு பார்க்க நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறும் அதே ராஜமலை வழியாகத்தான் போகிறது.