எவ்வளவு வேகம் இருக்கட்டும், எந்த நேரம்?

மின்சாரக் கார் என்று பேச்செடுத்தாலே ரெண்டு கேள்விதான் வரும். ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் போகும்? எத்தனை நிமிஷத்தில் ஏறும்? எந்த நேரத்தில் சார்ஜ் போடுவீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் முதல் கேள்வியே அதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் 40 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 6, 7 யூனிட் போதும். 7 கிலோவாட் சார்ஜரில் ஒரு மணி நேர வேலை. வண்டியோ ராத்திரி முழுக்கச் சும்மா நிற்கிறது. வேலை முடிந்து வந்து ஆயிரம் பேர் சாயங்காலம் 7 மணிக்கு ஒன்றாகப் பிளக்கைச் சொருகினால் 7 மெகாவாட் சுமை. வெயில் இறங்கி, சோலார் படுத்து, எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் நேரம் அது. பெரும்பாலான இடங்களில் நிலக்கரியோ எரிவாயுவோதான் கைகொடுக்க வேண்டும். அதே கார்களை, கரண்ட் தேவை குறையும் நடுராத்திரிக்கு மேலோ, மதிய வெயிலிலோ ஏற்றினால் கதையே வேறு.

இதற்குப் புதுக் கண்டுபிடிப்பு தேவையில்லை. காலை 6 மணிக்குள் இவ்வளவு ஏறியிருக்கணும் என்று சொல்லிவிட்டால், எப்போது ஏற்றுவது என்பதைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் இப்போதே இருக்கிறது.

பேட்டரியும் தன் பங்கைச் செய்துவிட்டது. 2010-ல் ஒரு யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரி பேக்கின் விலை ஆயிரம் டாலருக்கும் மேல். 2024-ல் சராசரியாக 115 டாலர். கோபால்ட், நிக்கல் இல்லாத இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் பரவலாகிவிட்டன. (அதிவேக சார்ஜ் விளம்பரங்களில் 80 சதவீதம் வரைதான் கணக்கு சொல்வார்கள், கவனித்திருப்பீர்கள். அதற்கு மேல் வேகமாகத் திணித்தால் லித்தியம் உள்ளே உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும். அதனால் காரே வேகத்தைக் குறைத்துவிடும்.)

"நிலக்கரி கரண்ட்டில் ஓடினால் என்ன லாபம்?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோல் கார் எரிபொருளில் பெரும்பகுதியைச் சூடாக்கியே வீணடிக்கிறது. அது கடைசிவரை பெட்ரோலைத்தான் குடிக்கும். மின்சாரக் காரோ, கரண்ட் சுத்தமாக ஆக, தானும் சுத்தமாகும். பெரும்பாலும் நீர்மின்சாரத்தில் ஓடும் நார்வேயில் 2024-ல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது கிட்டத்தட்ட மின்சாரக் கார்கள்தான்.

ஆனால் மாலைக்கும் நள்ளிரவுக்கும் ஒரே கட்டணம் என்றால் எவர் நேரம் பார்த்துப் போடுவார்? சொந்தப் பார்க்கிங் இல்லாதவருக்கு அந்த வாய்ப்பும் கிடையாது. அவர்கள் வேலை பார்க்கும் இடத்தில் சாதா சார்ஜர்களை வரிசையாக வைக்கலாம். மதியச் சோலாரும் வீணாகாது. ஒரு அதிவேக சார்ஜருக்கு ஆகும் செலவில் இப்படிப் பல வைத்துவிடலாம்.