“எல்லாம் சேர்ந்திருக்கும் சார்” என்று விற்பதை நிறுத்துங்கள்

“எல்லாம் சேர்ந்திருக்கும் சார், பயப்படாமல் போடுங்கள்.” எந்த மீனையும் எந்த மீனோடும் ஒரே தொட்டியில் போடலாம் என்று பெங்களூரின் வண்ணமீன் கடைகளில் சொல்லும் இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. தமிழில் கேட்டால் தமிழில் சொல்கிறார்கள், கன்னடத்தில் கேட்டால் கன்னடத்தில் சொல்கிறார்கள். பொய் மட்டும் மாறுவதே இல்லை.

அல்சூரில் எங்கள் கீழ்வீட்டுத் தம்பி, மகளின் பிறந்தநாளுக்கு இரண்டடித் தொட்டி வாங்கினார். சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு கடையில் அதற்கு மீனும் பிடித்துக் கொடுத்தார்கள். இரண்டு ஆஸ்கர் குட்டிகள், ஒரு ஜோடி ஏஞ்சல், கறுப்புப் பட்டை போட்ட கான்விக்ட் ஒரு ஜோடி, ‘ஆப்பிரிக்கன் மிக்ஸ்’ என்ற பெயரில் மஞ்சளும் நீலமுமாகச் சில. சில வாரங்கள் கழித்து, “அண்ணா, மீனெல்லாம் மூலையிலேயே நிற்கிறது, கொஞ்சம் வந்து பாருங்கள்” என்று கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தேன். கான்விக்ட் ஜோடி, கவிழ்த்து வைத்த மண்சட்டிக்குள் முட்டையிட்டிருந்தது. தொட்டியில் முக்கால் பாகத்தை அது வளைத்துப் போட்டுக்கொண்டு, கிட்டே வந்ததையெல்லாம் விரட்டி விரட்டிக் கடித்தது. ஃபில்டர் குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவே ஓர் ஏஞ்சல் செருகிக்கொண்டு நின்றது. அதன் அடிவயிற்றிலிருந்து நூல்போல நீண்டு தொங்க வேண்டிய துடுப்புகள் இரண்டும் வேரோடு கடிபட்டுப் போயிருந்தன. இன்னொரு ஏஞ்சலைக் காணவே இல்லை. மஞ்சள் மீன் ஒன்றுக்கு விலாவில் செதில் உரிந்து வெள்ளைச் சதை தெரிந்தது. ஏழு வயதுக் குழந்தை கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, “பெரியப்பா, இது ஏன் சாப்பிட வர மாட்டேன் என்கிறது?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குக் கடைக்காரர் வந்து பதில் சொல்லட்டும்.

கான்விக்டை நான் குறை சொல்ல மாட்டேன். மத்திய அமெரிக்காவின் ஓடைகளில் குஞ்சைக் காப்பாற்ற அது அப்படித்தான் போராடுகிறது. அந்தத் தொட்டியில் இருந்தவை எல்லாமே சிக்லிட் என்ற மீன் குடும்பம். பெற்றோர் இருவரும் சேர்ந்து குஞ்சுகளைக் காப்பது பல சிக்லிட்களின் பெருமை. அந்தப் பெருமையை அறுபது சென்டிமீட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்து, ஓடி ஒளிய இடமில்லாத மற்ற உயிர்களையும் கூடவே போட்டு விற்றவரைத்தான் கேட்கிறேன்.

“எல்லாமே சிக்லிட்தானே சார்?” என்கிறார். சிக்லிட் என்பது 1,700 இனங்களுக்கு மேல் கொண்ட பெரிய குடும்பம். நம்மூர் ஏரியில் பிடித்துக் குழம்பு வைக்கும் ஜிலேபிக் கெண்டையும் அந்தக் குடும்பம்தான். பூனையும் புலியும் ஒரே குடும்பம் என்பதற்காக ஒரே கூண்டில் அடைப்போமா? ஏஞ்சலும் ஆஸ்கரும் அமேசான் பக்கத்து மென்மையான, அதாவது உப்புகள் குறைந்த, நீரில் வாழ்ந்தவை. ‘ஆப்பிரிக்கன் மிக்ஸ்’ என்று கலந்து விற்பவற்றில் பெரும்பாலானவை மலாவி ஏரியின் பாறை இடுக்குகளில் வாழ்பவை. அந்த ஏரி நீர் அதைவிடக் கடினமானது, காரத்தன்மை கொண்டது, அதைக் காட்டும் பி.எச். அளவு 8 வரையிலும் அதற்கு மேலும் போகும். தீனியும் ஒத்துவராது. மலாவியின் பாறை மீன்களில் பெரும்பாலானவை பாசியைச் சுரண்டித் தின்பவை. ஆஸ்கருக்குப் போடும் புழுவையும் இறைச்சியையும் அவை தின்று பழகினால் வயிறு உப்பிச் சாகக்கூடும். இருவருக்கும் ஒரே டப்பாவைக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

அளவைப் பற்றியாவது வாயைத் திறக்கிறார்களா? கடையில் ஆஸ்கர் குட்டி கட்டை விரல் நீளம். நன்றாகத் தீனி போட்டால் ஓராண்டில் 25 சென்டிமீட்டரை நெருங்கிவிடும், அதற்குப் பிறகும் வளரும். இரண்டடித் தொட்டியின் அகலமே 30 சென்டிமீட்டர்தான். உடம்பைத் திருப்பக்கூட இடமில்லாத பெட்டியில் பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடிய உயிரை அடைக்கச் சொல்லிக் காசு வாங்குகிறார்கள். “பெரிதானால் ஏரியில் விட்டுவிடுங்கள்” என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை நம் ஏரி குளங்களில் எப்படிப் பெருகி, உள்ளூர் மீன்களை எப்படி நெருக்கியது என்று அவருக்குத் தெரியாதா? ஏரிக்கரையில் கடை வைத்திருப்பவர் சொல்லும் யோசனையா இது?

எனக்கு மிக அதிகமாக ஆத்திரம் வருவது வேறொன்றுக்கு. பாதி உண்மையை வைத்து வியாபாரம் செய்கிறார்கள். மலாவி மீன்களைக் கூட்டமாக வைத்தால், ஒன்றையே குறிவைத்துத் துரத்துவது குறையும் என்பது உண்மை. அனுபவமுள்ளவர்கள் அப்படித்தான் வளர்க்கிறார்கள். ஆனால் அவர்கள் நான்கடிக்குக் குறையாத தொட்டியில், 200 லிட்டருக்கு மேல் தண்ணீரில், கல் அடுக்கி, வலுவான ஃபில்டர் போட்டு, வாரந்தோறும் தண்ணீர் மாற்றி வளர்க்கிறார்கள். இதில் கடைசிப் பாதியை வெட்டி எறிந்துவிட்டு, “சண்டை போட்டால் இன்னும் நான்கு போடுங்கள், சரியாகிவிடும்” என்கிறார்கள். சரளைக் கல்லும் போட்ட பிறகு ஐம்பது லிட்டர்கூடத் தேறாத தொட்டியில் இன்னும் நான்கு! மீன் கழிவிலிருந்து வரும் நஞ்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா புதுத் தொட்டியில் நிலைபெறவே சில வாரங்கள் ஆகும். அதற்குள் கடியில் தப்பியது தண்ணீரில் சாகிறது. செத்ததும் போய்க் கேட்டால், “தண்ணீர் மாற்றும்போது நீங்கள் தப்பு செய்திருப்பீர்கள்” என்று பழியை வாங்கியவர் தலையில் போட்டு, நீல மருந்து ஒரு பாட்டிலையும் விற்று அனுப்புகிறார்கள். கீழ்வீட்டுத் தம்பிக்கு நடந்தது அப்படியே இதுதான்.

இரண்டடித் தொட்டிக்குச் சிக்லிட்டே கிடையாதா என்றால், உண்டு, அருமையானவை உண்டு. காவிரித் தண்ணீர் வரும் வீடாக இருந்தால் பொலிவியன் ராம் ஒரு ஜோடி போதும். பெங்களூரின் டிசம்பர் குளிரில், நிறத்துக்காக எல்லாரும் கேட்கும் நீல ராமைவிட அது நன்றாகத் தாக்குப்பிடிக்கும். நீல ராமுக்கு 27 டிகிரிக்குக் குறையாத வெதுவெதுப்பு வேண்டும், ஹீட்டர் இல்லாமல் விற்கவே கூடாது. குழாய் வாயில் வெள்ளையாக உப்புப் படியும் போர்வெல் தண்ணீரா? அதற்கென்றே பிறந்ததுபோல ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியின் ஓட்டு மீன்கள் இருக்கின்றன. மல்ட்டிஃபேசியாட்டஸ் என்ற இனத்தில் ஆண் 5 சென்டிமீட்டரைத் தாண்டாது, பெண் இன்னும் சின்னது. காலியான நத்தை ஓடுகள்தான் அவற்றின் வீடு. மெல்லிய மணலும் பத்துப் பன்னிரண்டு ஓடுகளும் போட்டால் போதும். வாய் நிறைய மணலை அள்ளிக்கொண்டு போய்த் துப்பி, ஓட்டின் வாய் மட்டும் தெரியும்படி புதைத்துக்கொள்ளும். கையை விட்டால் நகத்தைக் கொத்த வரும், அடுத்த நொடி ஓட்டுக்குள் மறையும். குஞ்சு, அக்கா, அம்மா என்று ஒரு கூட்டமே அதில் குடியிருக்கும். நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இதைக் கடையில் கேட்டால், “அதெல்லாம் நிறமே இல்லாத மீன் சார், யார் வாங்குவார்கள்?” என்கிறார்கள். இரண்டடித் தொட்டியைத் தினமும் விற்கிறீர்கள், அதற்குப் பொருந்தும் மீன் மட்டும் உங்களிடம் இல்லை. பொருந்தாதது மட்டும் மூட்டை மூட்டையாக இருக்கிறது. செத்தால் திரும்ப வந்து வாங்குவார்கள் என்பதுதான் கணக்கு என்று நான் பச்சையாகவே சொல்கிறேன்.

அரசும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மீன்தொட்டிக் கடைகளுக்கென்று 2017-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விதிகளை வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. நாய்க்குட்டி விற்பவரிடம் கேட்கும் கேள்வியை மீன் விற்பவரிடம் கேட்க இன்று ஆளில்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு தொட்டியின் கண்ணாடியிலும் மார்க்கர் பேனாவால் ஜோடி விலை எழுதுகிறீர்களே, அதே பேனாவால் அதற்குக் கீழே வளர்ந்தபின் எத்தனை சென்டிமீட்டர், குறைந்தது எத்தனை அடித் தொட்டி, தனியாக வளர்க்க வேண்டியதா இல்லையா என்று ஒரு வரி எழுதுங்கள். தமிழிலோ கன்னடத்திலோ, எதில் வேண்டுமானாலும் எழுதுங்கள். வாங்க வருபவரிடம் தொட்டி எத்தனை அடி என்று கேட்டுவிட்டுப் பிறகு வலையைக் கையில் எடுங்கள்.